கேம்பர்வேன் ஃபிரிட்ஜ் நடுராத்திரியில் நிற்கிறது, கேம்ப்சைட் கரண்டில் செருகினால் டிரிப் ஆகிறது: எங்கே தேடுவது?

செங்காங்_வேன்:

வணக்கம். சிங்கப்பூர் நம்பர் வேன். பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி மரப்பெட்டி அடித்து, கேம்பிங் சாமான் எல்லாம் அதற்குள். மலேசியாவில் மெர்சிங், டெசாரு கடற்கரைப் பக்கம் போய்வரத்தான்.

செட்டப் இது: 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஏஜிஎம் பேட்டரி (மூடிய லெட்-ஆசிட் வகை) ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து விஎஸ்ஆர் ரிலே (வோல்டேஜ் ஏறினால் இரு பேட்டரியையும் தானாகச் சேர்ப்பது) வழியாகச் சார்ஜ். பின்கதவுப் பக்கம் 40 லிட்டர் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ், உள்ளே இருப்பது பிடி35 கம்ப்ரெஸர். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்குக் கம்பி சுற்றிப் போகும் தூரம் 6.5 மீட்டர், 2.5 சதுர மி.மீ. கம்பி, முடிவில் சிகரெட் லைட்டர் சாக்கெட். நெகட்டிவ் பின்னால் சேசிஸ் போல்ட்டில். எல்இடி விளக்கு நான்கு, தண்ணீர் பம்பு, 600 வாட் இன்வெர்ட்டர். 230 வோல்ட் பக்கம் சின்ன டிபி பெட்டி (மின் பகிர்வுப் பெட்டி): 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு மின்னோட்டம் கண்டால் வெட்டுவது), எம்சிபி (அதிகச் சுமையில் வெட்டுவது) இரண்டு, 13 ஆம்பியர் சாக்கெட் இரண்டு, 10 ஆம்பியர் பேட்டரி சார்ஜர். இன்வெர்ட்டர் அவுட்புட்டும் அதே டிபி பெட்டிக்குள் வருகிறது. சைட் கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிடுவோம்.

கோளாறுகள்: ராத்திரி 2, 3 மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. கம்ப்ரெஸர் மாட்யூலில் (அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) சிவப்பு விளக்கு 4 விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது. அப்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.3, 12.4 காட்டுகிறது, காலி என்று சொல்ல முடியாது. பம்பு ஓடினால் விளக்கு மங்குகிறது. மூன்று மணி நேரம் ஓட்டிப் போனாலும் பேட்டரி நிரம்புவதில்லை. கடைசியாக, கேம்ப்சைட் 13 ஆம்பியர் பாயிண்ட்டில் செருகினால் அவர்கள் பக்க ஆர்சிசிபி விழுகிறது. எங்கள் எம்சிபி இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுச் செருகினாலும் விழுகிறது, அதுதான் புரியவில்லை.

பேட்டரி போச்சா, ஃபிரிட்ஜ் போச்சா?


லித்தியம்_கட்சி:

ஏஜிஎம்மைத் தூக்கிப் போட்டுட்டு 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வைங்க. வோல்டேஜ் 13-க்குக் கீழ இறங்கவே ராத்திரி முழுக்க ஆகும், ஃபிரிட்ஜ் எங்க நிக்கப் போகுது? எடையும் பாதிக்குப் பாதி. மத்ததெல்லாம் வீண் வேலை லா.


கம்பிக்கணக்கு:

பேட்டரியும் வாங்க வேண்டாம், ஃபிரிட்ஜும் வாங்க வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள்.

பிடி35 மாட்யூல் ஒருமுறை மட்டும் மின்னினால் பேட்டரி பாதுகாப்புக் கட் என்று அர்த்தம். இரண்டு மின்னல் ஃபேனில் அதிக மின்னோட்டம், மூன்று மோட்டார் கிளம்பவில்லை, நான்கு மோட்டார் குறைந்தபட்ச வேகத்தைக்கூடத் தொடவில்லை, ஐந்து மாட்யூல் சூடாகிவிட்டது. ஆக உங்கள் கம்ப்ரெஸர் நன்றாகத்தான் இருக்கிறது. தன் முனைக்கு வரும் வோல்டேஜ் போதவில்லை என்கிறது, அவ்வளவுதான். மாட்யூலில் கட்-ஆஃபை மாற்றும் மின்தடை எதுவும் மாட்டாவிட்டால் 12 வோல்ட்டில் அது 10.4-இல் நிறுத்தும், 11.7 கண்டால்தான் மறுபடி சேரும். இந்த 10.4 பேட்டரி முனையில் பார்ப்பது அல்ல, ஃபிரிட்ஜ் முனையில் பார்ப்பது. நீங்கள் மீட்டர் வைத்தது பேட்டரியில், அதுவும் ஃபிரிட்ஜ் நின்ற பிறகு. மின்னோட்டம் ஓடாத கம்பியில் இழப்பே இருக்காது, அதனால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நான்கு அளவு எடுங்கள். நான்கும் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டும், மீட்டர் டிசி வோல்ட்டில். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே ஒன்று. ஃபிரிட்ஜ் மாட்யூலின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே ஒன்று. சாக்கெட்டில் அல்ல, மாட்யூலில். மூன்றாவது, பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஃபிரிட்ஜ் பிளஸ் முனை வரை; மீட்டர் கம்பி எட்டாது, நீளமான மெல்லிய ஒயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மீட்டருக்கு எவ்வளவு மெல்லியதும் போதும். நான்காவது, அதேபோல் மைனஸிலிருந்து மைனஸ். மூன்றாவதும் நான்காவதும் கூட்டினால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ முனை மாறி வைத்திருக்கிறீர்கள். கிளாம்ப் மீட்டர் இருந்தால் மின்னோட்டத்தையும் எழுதுங்கள். டிசி அளக்கும் கிளாம்ப் வேண்டும், ஏசி மட்டும் அளப்பது இதற்கு உதவாது.

பேட்டரி நிரம்பாத விஷயத்துக்கு இன்னோர் அளவு. எஞ்சினை ஓடவிட்டு ஸ்டார்ட்டர் பேட்டரியில் உடனே ஒருமுறை, 10, 15 நிமிடம் கழித்து ஒருமுறை. கடைசி வரை 14.2, 14.4 நின்றால் பழைய வகை ஆல்டர்நேட்டர் (எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டர்). 13-க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் கணினி கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர். வண்டியின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள், ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் மாறும்.

லித்தியம் யோசனை பற்றி: ஃபிரிட்ஜ் நிற்காது, உண்மை. ஏனென்றால் 13.1 வோல்ட்டிலிருந்து ஒன்றரை வோல்ட் தொலைந்தாலும் 11.6 மிஞ்சும். ஆனால் அந்த ஒன்றரை வோல்ட் எங்கே தொலைகிறதோ அங்கே சூடாகிக்கொண்டே இருக்கும். கோளாறு போகாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதுவும் மரப்பெட்டிக்குள்.


நீலப்பிளக்:

தம்பி, 12 வோல்ட் கதையை அவர் பார்த்துக்குவார். 230-ஐ நான் சொல்றேன், ஏன்னா அதுதான் ஆளைக் கொல்லும்.

எம்சிபி ஆஃப் பண்ணியும் டிரிப் ஆகுதுன்னு சொன்னீங்க பாருங்க, பாதி விடை அதிலேயே இருக்கு. ஒத்தை போல் எம்சிபி லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே சேர்ந்துதான் இருக்கும். உங்க வேனுக்குள்ள எங்கேயோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கிட்டு இருக்கு. நீங்க செருகினதும், சைட்ல மத்தவங்க விளக்கு, ஃபேன் எல்லாம் ஓடித் திரும்புற நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு உங்க எர்த் வழியா நழுவிப் போகுது. போன கரண்டும் வந்த கரண்டும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டாலே ஆர்சிசிபி விழுந்திடும். உங்க வேன்ல ஒண்ணுமே ஓடலைன்னாலும் விழும்.

சோதனை சுலபம். உங்க ஆர்சிசிபி ரெண்டு போலையும் வெட்டும். அதை ஆஃப் பண்ணிட்டுச் செருகுங்க. அப்பவும் விழுந்தா கோளாறு அதுக்கு முன்னாடி: செருகுற லீடு, பிளக்குக்குள்ள ஈரம், இல்ல பிளக்ல கம்பி மாத்தி முறுக்கியிருக்கு. விழலைன்னா கோளாறு அதுக்குப் பின்னாடி. அடுத்து பிளக்கைச் சுவரிலிருந்து உருவிட்டு, இன்வெர்ட்டரோட பேட்டரி கம்பியையும் கழட்டிட்டு, டிபி பெட்டியில நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் (கம்பிகளைச் சேர்த்து முறுக்குற உலோகப் பட்டை) நடுவுல ஓம் பாருங்க. திறந்த சர்க்யூட்டா இருக்கணும். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினா இன்வெர்ட்டர் அவுட்புட் கம்பியை டிபியிலிருந்து கழட்டிட்டு மறுபடி பாருங்க. என் சந்தேகம் அதுமேலதான். இன்வெர்ட்டர்ல நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளேயே சேர்த்து வைக்கிற வகை ஒண்ணு உண்டு.

அதுவரைக்கும் ஒண்ணு மட்டும்: இன்வெர்ட்டரை ஆன் பண்ணாதீங்க. நீங்க எழுதியிருக்கிறபடி இருந்தா, ஆர்சிசிபி ஆன்ல இருக்கும்போது இன்வெர்ட்டர் ஓடினா, வெளியே தொங்குற லீடோட பிளக் பின்னுல 230 வோல்ட் நிக்கும். சைட் கரண்ட்டும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்துல மாட்டிக்கிட்டா இன்வெர்ட்டர் அந்த நொடியே வெடிக்கும். ‘ஆஃப் செய்துவிடுவோம்’ங்கிறது பாதுகாப்பு இல்லை, ஞாபகசக்தி.


செங்காங்_வேன்:

நன்றி அண்ணே, நன்றி கம்பிக்கணக்கு. அளந்துவிட்டேன். இன்வெர்ட்டரைத் தொடவில்லை.

கம்ப்ரெஸர் ஓடும்போது: பேட்டரி முனையில் 12.31. ஃபிரிட்ஜ் மாட்யூலில் 11.14. பிளஸ் பக்கம் 0.79. மைனஸ் பக்கம் 0.38. மின்னோட்டம் 4.8 ஆம்பியர்.

ஸ்டார்ட்டர் பேட்டரி: எஞ்சின் கிளப்பியதும் 14.3, பத்து நிமிடத்தில் 12.9-க்கு வந்து அங்கேயே நின்றது.

230 பக்கம்: ஆர்சிசிபியை ஆஃப் செய்து செருகினால் சைட் விழவில்லை. நியூட்ரல், எர்த் பார்களுக்கு இடையே 0.3 ஓம். இன்வெர்ட்டர் கம்பியைக் கழற்றியதும் மீட்டர் எதுவும் காட்டவில்லை.


கம்பிக்கணக்கு:

அருமை, 0.79-உம் 0.38-உம் சேர்ந்தால் 1.17. பேட்டரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வித்தியாசமும் அதே 1.17. அளவுகளை நம்பலாம்.

இனி கணக்கு. 2.5 சதுர மி.மீ. நெகிழ்வுக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 8 மில்லிஓம். 6.5 மீட்டருக்கு 52 மில்லிஓம், 4.8 ஆம்பியரில் 0.25 வோல்ட். பிளஸ் பக்கம் உங்களுக்கு 0.79 போகிறது. மீதி அரை வோல்ட்டுக்கு மேல் கம்பியில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது. முதல் குற்றவாளி லைட்டர் சாக்கெட். நடுவே ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு தகடு, அதை நம்பி ராத்திரி முழுக்க 5 ஆம்பியர் ஓடுகிறது. சாக்கெட்டின் பின்பக்க முனையில் ஒரு மீட்டர் முள், மாட்யூல் பிளஸ்ஸில் இன்னொன்று வைத்தால் தெரிந்துவிடும். ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் அப்படியே. நல்ல இணைப்பு ஒவ்வொன்றும் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாதியாகப் பிரித்து, இழப்பு இருக்கும் பாதியை மறுபடி பாதியாகப் பிரித்துக்கொண்டே போங்கள், ஐந்து நிமிட வேலை.

மைனஸ் பக்கம் 0.38 என்பது சேசிஸ் போல்ட். பம்பு ஓடினால் விளக்கு மங்குவதும் அநேகமாக இதே போல்ட்டால்தான்; பம்பு, விளக்கு, ஃபிரிட்ஜ் மூன்றின் நெகட்டிவும் அங்கேதானே வருகிறது? பம்பின் 6, 7 ஆம்பியர் அந்த மோசமான இணைப்பில் ஓடும்போது மற்ற இரண்டுக்கும் வோல்டேஜ் குறைகிறது. பெயிண்டுக்கு மேல் வாஷர் வைத்து முறுக்கியிருப்பார்கள். மெர்சிங் கடற்காற்றும் நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்தால் அடியில் துரு பூக்க அதிக நாள் ஆகாது.

ஏன் ராத்திரி 2 மணி என்பதற்கும் இதே கணக்கு. மொத்தத் தடை 1.17-ஐ 4.8-ஆல் வகுத்தால் 0.24 ஓம். நள்ளிரவுக்கு மேல் சுமையோடு பேட்டரி 11.9-க்கு வருகிறது என்று வையுங்கள். கம்ப்ரெஸர் கிளம்பும்போது மின்னோட்டம் கொஞ்ச நேரம் ஏறும். 8 ஆம்பியர் என்றால் 1.9 வோல்ட் கம்பியிலேயே போய்விடும், ஃபிரிட்ஜுக்கு 10.0 மிஞ்சும். கட். கட் ஆனதும் மின்னோட்டம் நின்று, இழப்பு மறைந்து, ஃபிரிட்ஜ் 12-க்கு மேல் பார்க்கிறது. 11.7-க்கு மேல் இருப்பதால் ஒரு நிமிடம் போல் கழித்து மறுபடி முயலும், மறுபடி விழும். விடியும்வரை இதே நாடகம்.

மாற்ற வேண்டியவை. பிளஸ், மைனஸ் இரண்டுமே 6 சதுர மி.மீ. கம்பி, பேட்டரியிலிருந்து நேராக. சேசிஸ் வேண்டாம், தனி நெகட்டிவ் கம்பியே போடுங்கள். கம்ப்ரெஸர் தயாரிப்பாளர் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ. என்றால் 2.5 மீட்டர் வரை, 4 என்றால் 4 மீட்டர், 6 என்றால் 6 மீட்டர், 10 என்றால் 10 மீட்டர். உங்களுடையது 6.5. அதற்காக 10-க்குப் போகாதீர்கள், மாட்யூலின் ஸ்பேட் முனையில் அது உட்காராது. வழியை அரை மீட்டர் சுருக்குங்கள். 6 சதுர மி.மீ. போட்டால் போக, வர 12 மீட்டருக்கு 40 மில்லிஓம்; 4.8 ஆம்பியரில் 0.2 வோல்ட், கிளம்பும்போதுகூட 0.3-தான்.

லைட்டர் சாக்கெட்டை அப்புறப்படுத்தி ஆண்டர்சன் எஸ்பி50 கனெக்டர் போடுங்கள். பெட்டியைக் கழற்றும்போதும் வசதி. ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு இடையில் ஆறு மீட்டர் கம்பியைக் காப்பில்லாமல் விடுவது நிறைய பேர் செய்வது. வழியில் எங்காவது உரசி சேசிஸில் தொட்டால் அந்த ஃபியூஸுக்குத் தகவலே போகாது.

பேட்டரி நிரம்பாதது: 14.3 வந்து 12.9-க்கு இறங்கினால் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர். விஎஸ்ஆர் பெரும்பாலும் 13.3-இல் சேர்ந்து 12.8-இல் விடும். உங்களுக்கு 12.9, அதாவது ரிலே சேர்ந்தே இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது, ஆனால் ஏஜிஎம்முக்கு ஒன்றும் ஏறவில்லை. அதற்கு 14.4 முதல் 14.7 வரை வேண்டும். மூன்று மணி நேரம் இல்லை, முப்பது மணி நேரம் ஓட்டினாலும் நிரம்பாது. விஎஸ்ஆரை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்நேட்டர் வோல்டேஜ் இறங்கினாலும் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்திக் கொடுப்பது) வையுங்கள். எடுத்துவிட்டு என்றேன்; பக்கத்திலேயே விட்டுவைத்தால் சார்ஜர் ஏற்றியதை ரிலே திருப்பி முன்னால் அனுப்பும். 20 ஆம்பியர் கொடுக்க 12.9 வோல்ட்டில் உள்ளே 26 ஆம்பியர் போல் இழுக்கும். 10 சதுர மி.மீ. கம்பி, இரு பேட்டரி முனையிலும் 40 ஆம்பியர் ஃபியூஸ். சார்ஜரின் இக்னிஷன் ஒயரைக் கட்டாயம் இணையுங்கள். வோல்டேஜை மட்டும் பார்த்து எஞ்சின் ஓடுகிறதா என்று முடிவு செய்ய விட்டால், ஆல்டர்நேட்டர் இறங்கியதும் சார்ஜர் தூங்கிவிடும்.

ஸ்டார்ட்டர் பேட்டரி மைனஸ் முனையில் சின்ன சென்சார் பெட்டி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் நெகட்டிவை அந்த முனையில் மாட்டாதீர்கள், சென்சாருக்கு அப்பால் சேசிஸ் பக்கம் மாட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கும் மின்னோட்டம் எஞ்சின் கணினிக்குத் தெரியாமல் அதன் கணக்கு பிசகும்.

லித்தியத்துக்குப் பிறகு போவதானாலும் இதே சார்ஜர் உதவும், அமைப்பை மாற்றினால் போதும். விஎஸ்ஆரோடு நேரே லித்தியத்தை மாட்டினால் அது கேட்கும் மின்னோட்டத்தில் ஆல்டர்நேட்டர் வெந்துபோகும்.


லித்தியம்_கட்சி:

சரி சரி, கணக்கு ஒத்துக்கறேன். ஆனா ஏஜிஎம் 100 ஏஎச்னா 50 ஏஎச்தான் பாதுகாப்பா எடுக்கலாம். நம்ம ஊரு 31, 32 டிகிரில அந்த ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடும், ஒரு நாளைக்கு 50 ஏஎச்சுக்கு மேல போயிடும். ரெண்டாவது ராத்திரிக்கு என்ன பண்ணுவார்?


கம்பிக்கணக்கு:

நியாயமான கேள்வி. 4.8 ஆம்பியர், பாதி நேரம், 24 மணி: 58 ஏஎச். ஓட்டாமல் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி என்றால் இந்த ஏஜிஎம் தாங்காது. ஃபிரிட்ஜின் காற்றோட்டத் துவாரத்துக்கு மரப்பெட்டியில் இடம் விட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பேன். சூடான காற்றையே மறுபடி இழுத்தால் பாதி நேரம் முக்கால் நேரமாகும். பேட்டரியின் உடல்நிலையையும் அளக்க வேண்டும். இத்தனை நாள் அரைகுறையாகச் சார்ஜ் ஆகி சல்ஃபேட் படிந்திருக்கலாம். மெயின்ஸ் சார்ஜரில் முழுதாக நிரப்பி, 12 மணி நேரம் சும்மா விட்டு, 5 ஆம்பியர் சுமையில் 10.5 வோல்ட் வரை இறக்கி நேரம் பாருங்கள். புதிதென்றால் 20 மணி நேரம் வர வேண்டும். 12, 13 மணி நேரத்துக்குள் விழுந்தால் அப்போது லித்தியம் பேசலாம். சோதனை முடிந்த கையோடு திரும்பச் சார்ஜ் போட்டுவிடுங்கள், காலியாக ஒரு ராத்திரி விட்டாலே அதற்குக் கேடு.

ஒரு எச்சரிக்கை: வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் சூடு மிக ஏறும். லித்தியம் பேட்டரியின் பிஎம்எஸ் (உள்ளேயே இருக்கும் காப்புச் சர்க்யூட்) சூட்டைப் பார்த்துச் சார்ஜிங்கை நிறுத்திவிடும். மாட்டுவதானால் கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம், தரையோடு வையுங்கள்.


சிம்லிம்_சுற்றி:

கம்பி வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைகளில் நல்ல நெகிழ்வுக் கம்பி, லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்), ஹீட் ஷ்ரிங்க் எல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இணையத்தில் மலிவாக வரும் ‘6 சதுர மி.மீ.’ கம்பி பலவற்றில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, கிரிம்ப்பும் (லக்கை அழுத்திப் பிடித்த இடம்) நாளடைவில் தளரும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அலுமினியம். மேலே வெள்ளி, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, கடற்கரைக்குப் போகிற வண்டிக்கு அதுதான் வேண்டும்.

லக்கைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்காதீர்கள், அறுகோண கிரிம்ப் கருவி வேண்டும். சால்டரும் வேண்டாம், ஈயம் இழைக்குள் ஏறி இறுகிய இடம் முடியும் எல்லையில் வண்டி அதிர்வில் ஒடியும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டால் ஈரம் ஏறாது.

பாடியில் துளை போட்டு இன்லெட் மாட்டும் எண்ணம் இருந்தால் எல்டிஏ (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்) இணையப் பக்கத்தில் மாற்றங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அனுமதி தேவையில்லாதவை, தேவைப்படுபவை, கூடவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்.


நீலப்பிளக்:

0.3 ஓம், இன்வெர்ட்டர் கம்பியைக் கழட்டினதும் போயிடுச்சு. அப்போ குற்றவாளி அதேதான்.

என்ன செய்யணும்னா, இன்வெர்ட்டரையும் சைட் கரண்டையும் ஒரே பார்ல கட்டுறதை நிறுத்தணும். நடுவுல ரெண்டு போல் சேஞ்சோவர் சுவிட்ச், 1-0-2 வகை. 1 சைட், 0 எதுவும் இல்லை, 2 இன்வெர்ட்டர். லைவும் நியூட்ரலும் ரெண்டுமே மாறணும். லைவை மட்டும் மாத்துற ஒத்தை போல் சுவிட்ச் வாங்கினா டிரிப் அப்படியேதான் இருக்கும். எர்த் மட்டும் எப்பவும் சேர்ந்தே இருக்கும், அதை எந்தச் சுவிட்சும் வெட்டக்கூடாது. ஆர்சிசிபியைச் சேஞ்சோவருக்கு அப்புறம் வைங்க, அப்பதான் இன்வெர்ட்டர்ல ஓடும்போதும் காப்பு இருக்கும். இன்வெர்ட்டருக்குள்ள நியூட்ரல்-எர்த் சேர்ப்பு இருக்கிறதால அந்த ஆர்சிசிபி அப்பவும் வேலை செய்யும். சேர்ப்பே இல்லாத மிதக்கும் வகை இன்வெர்ட்டர்னா ஆர்சிசிபி அலங்காரத்துக்குத்தான்.

இதுல ஒரு சிக்கல் வரும், முன்னாடியே சொல்லிடறேன். பேட்டரி சார்ஜர் சாக்கெட்டுல இருந்தா, இன்வெர்ட்டருக்கு மாத்தினதும் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டும், இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்டும், சார்ஜர் அதே பேட்டரியை ஏத்தும். ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் சூடாப் போயி, காலையில பேட்டரி காலி. அதனால சார்ஜரை மட்டும் சேஞ்சோவருக்கு முன்னாடி, சைட் பக்கத்துலேருந்து எடுங்க, அதுக்குத் தனி ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒண்ணா இருக்கிறது) போட்டு.

எர்த் பாரிலிருந்து வேன் சேசிஸுக்கு 4 சதுர மி.மீ. பச்சை-மஞ்சள் கம்பி இருக்கா பாருங்க. பெட்டி மரம்தானே, கழட்டி மாட்டுறதுதானேன்னு இதை விட்டுடுவாங்க. ஒரு லைவ் கம்பி உரசி பாடியில பட்டா, ஈரத் தரையில நின்னுக்கிட்டுக் கதவைத் தொடுறவர்தான் எர்த் ஆவார்.

லீடு 2.5 சதுர மி.மீ., 25 மீட்டருக்கு மேல வேண்டாம். சுருளை முழுக்க அவிழ்த்துப் போடுங்க, சுத்தி வச்சபடியே கெட்டில் ஓட்டினா உள்ளே உருகும். பிளக்கைப் புல்லுல படுக்கப் போடாம மேல தூக்கிக் கட்டுங்க. எல்லாம் முடிஞ்சதும் லைசென்ஸ் உள்ள மின்பணியாளரை வச்சு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) போடச் சொல்லுங்க: லைவ், நியூட்ரல் சேர்த்து எர்த்துக்கு, ஒரு மெகாஓமுக்குக் கீழே வரக்கூடாது. அதுக்கு முன்னாடி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் கழட்டியாகணும், மெகர் அதையெல்லாம் எரிச்சிடும். 230 பக்கம் நிலையான ஒயரிங்கை நீங்களே மாத்த வேண்டாம் தம்பி, அளந்தது போதும்.


செங்காங்_வேன்:

சேஞ்சோவர் வேலையை ஆள் வைத்தே செய்கிறோம். 12 வோல்ட் பக்கம் நானே மாற்றுகிறேன். கடைசியாக ஒன்று: வேன் பெரும்பாலும் எச்டிபி (வீடமைப்புக் கழகம்) பலமாடிக் கார்நிறுத்தத்தில் மூன்று, நான்கு வாரம் சும்மா நிற்கும். அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது. அந்த நேரத்திலும் பேட்டரி இறங்கிவிடுகிறது. இதுவும் கம்பிக் கோளாறா?


கம்பிக்கணக்கு:

அநேகமாக இன்வெர்ட்டர்தான். சுமையே இல்லாமல் ஆனில் கிடந்தால் அரை ஆம்பியருக்கு மேல் குடிக்கும், 0.6 என்றால் ஒரு நாளைக்கு 14 ஏஎச், நான்கு நாள்கூடத் தாங்காது. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, பேட்டரி மைனஸில் மீட்டரைத் தொடரில் 10 ஆம்பியர் நிலையில் மாட்டிப் பாருங்கள். மீட்டர் தொடரில் இருக்கும்போது எஞ்சின் கிளப்புவதோ பம்பு போடுவதோ கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 20, 30 மில்லிஆம்பியர் என்றால் யுஎஸ்பி சாக்கெட்டும் வோல்ட் மீட்டரும்தான், மாதம் 20 ஏஎச் போகும். அதற்கு மேல் என்றால் ஃபியூஸைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்: மில்லிவோல்ட் நிலையில் ஒவ்வொரு பிளேட் ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.8 மில்லிவோல்ட் காட்டினால் அந்த வழியில் ஏறக்குறைய 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது.

பேட்டரி பிளஸ் ஃபியூஸுக்கு அடுத்து ஒரு மாஸ்டர் சுவிட்ச் வைத்து, நிறுத்திவிட்டுப் போகும்போது திருப்பிவிடுங்கள். அப்புறம் ஏஜிஎம்மின் தானாக இறங்கும் அளவு மட்டும் மிஞ்சும். நம் சூட்டில் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுச் சார்ஜ் கொடுத்தால் போதும். சோலார் யோசிப்பதானால் மொட்டை மாடித் தளத்தில் இடம் கிடைத்தால்தான் பயன். 100 வாட் பேனல் படுக்கையாக வைத்தால் நல்ல நாளில் 25 ஏஎச் போல் வரும், கண்ணாடிக்கு உள்ளே டேஷ்போர்டில் வைத்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். கீழ்த்தளத்தில் நிறுத்துபவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றுகிறார்கள், முப்பது கிலோ. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் பிளஸ்ஸில் இருக்கையில் பாடியில் இடித்தாலும் அப்போது பொறி பறக்காது.